நிறுத்தத்தில் நாற்பது பேர்

1
இது நான் யோசித்த கதையல்ல. குடை வாங்கப் போன இடத்தில், கடைக்காரரும் அவர் மகளும் போட்ட சண்டையிலிருந்து சுட்டது. சண்டையின் சுவாரசியத்தில் பேரம் பேச மறந்துவிட்டேன். அந்த நஷ்டத்துக்கு இந்தக் கதை.

2
“மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை…” வேண்டாம். மழை கொட்டினால் குடைக்கடைக்காரர் எதற்குச் சண்டை போடுகிறார்?

மகள் பத்தாம் வகுப்பு. புவியியல் மிஸ் கொடுத்த கள ஆய்வு: கடைத்தெருப் பேருந்து நிறுத்தத்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு மாற்றலாமா? விசாரித்து, எண்ணி, வாதமாக எழுத வேண்டும். சிறந்த கட்டுரை வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் வாசிக்கப்படும். அப்பாவின் கடை அந்த நிறுத்தத்துக்கு எதிரில்தான்; நிறுத்தம் போனால் அவர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நிறுத்தத்தில் நின்ற நாற்பது பேரைக் கேட்டாள். முப்பத்தெட்டுப் பேர் மாற்றக் கூடாது என்றார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

3
[மிஸ்ஸை முதலில் ஞானியாக எழுதி அடித்துவிட்டேன். அன்று அவருக்கு ஜலதோஷம்.]

“ஏம்மா, பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்ககிட்டயே பஸ் ஸ்டாப் வேணுமான்னு கேட்டா?”

“அங்கதான் மிஸ் நிறைய பேர் கிடைச்சாங்க.”

“கிடைக்காம? போ, அந்தப் பக்கமும் கேளு.”

ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு நாற்பது பேர். முப்பத்தைந்து பேர் மாற்றச் சொன்னார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட ஒருவர், “கடைத்தெருவுலேருந்து வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல உட்கார வேண்டியிருக்கும்மா, எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொண்டாள்.

4
தொங்கும் குடைகளுக்கு அடியில் நான் கேட்டது:

“ரெண்டாவது தாளை விட்டுடு கண்ணு. பொய்யா எழுதச் சொன்னேன்? கொஞ்சம் கம்மியா எழுது.”

“உங்க பக்கத்தையும் எழுதியிருக்கேம்பா. மொதல் பத்தியே நீங்கதான்.”

“மொதல்ல தூக்கி வச்சிட்டு, அப்புறம் கீழ போடறது! இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா?”

“ஆமாம்ப்பா. அதுக்குத்தான் மார்க்கு.”

5
அப்பா கண்கலங்கி மனம் மாறுவதாக ஒரு முடிவு எழுதினேன். [கிழித்தாயிற்று. வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். சரக்கு நனைந்தால்தான் அந்தக் கண் கலங்கும்.] நிறுத்தத்தைப் பாதி வழியில் வைத்து இருவரையும் சமாதானப்படுத்தினேன். கணக்காகத்தான் வந்தது. ஆனால் பாதி வழியில் குடியிருப்பவர்களை நான் கேட்கவே இல்லையே?

6
வெள்ளிக்கிழமை. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதே வரிசையின் மறுகோடியில் நான். மகள் முதல் பத்தியை வாசித்தாள். அவர் பலமாகத் தலையாட்டினார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது தாளை எடுத்தாள். வாசித்தாள், ஒரு எண் குறையாமல்.

அப்போது அவர் முகம் எப்படி இருந்தது? எங்களுக்கு நடுவே ஒரு பெரிய தலை நீண்டுவிட்டது, தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே எழுதி முடியுங்கள். எந்த நாற்காலியிலிருந்து பார்த்தீர்கள் என்பதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.