அறுபத்து நான்கு சதவீதம்

"இது பாட்டுக்கு ஓடட்டும். ஆஃப் மட்டும் பண்ணிராத," என்றார் பிரவீன். இரண்டு நாளாகக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதால் டிஸ்க்கைச் சரிபார்க்கப் போட்டிருந்தார். கறுப்புத் திரையில் பதினொரு சதவீதம் என்று காட்டியது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இப்படி உக்காந்து பாக்கல நீங்க," என்றேன்.

"நீ மாத்திரையப் போட்டா எந்திரிச்சிருவ. இதுக்குள்ள ஊர்க் கல்யாணமெல்லாம் கெடக்கு, ஆத்தா."

கேமராப் பையை மாட்டிக்கொண்டு சுருளிப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போனார். கம்பம் தாண்டியதும் ஜீப் ஒன்று அவர் வண்டியில் மோதியது. மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ராயப்பன்பட்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

"பெட்டி கொண்டாந்தவுக பிளக் எங்கனன்னு கேக்குறாக, கிளாரா," என்றார் அவருடைய அண்ணன் அருளப்பன். குளிர்பெட்டிக்குத் தோதான பெரிய பிளக் முன்னறையில் ஒன்றுதான். நான்தான் எழுந்து போனேன். அறுபத்து நான்கு சதவீதம் என்று திரையில் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. படித்துக்கொண்டே கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கப் படம் கேட்டார்கள். ஊரையே படம் எடுத்தவருக்கு ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று மட்டும் கேமராவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலில் எங்களோடு நின்றார். மூன்று பேரும் இருக்கும் ஒரே படம். அதைப் பிரின்ட் போட அவருக்கு நேரம் வரவேயில்லை. டிஸ்க்கில்தான் இருந்தது. ஒயரை மறுபடி மாட்டியும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை.

கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வினோத்ராஜிடம் கொண்டுபோனேன்.

"சிஸ்டம் ஃபைல் கெட்டதாலதான் ஆன் ஆகல. அத மாத்திப் போட்டுரலாம்க்கா. டிஸ்க்குதான் ரொம்ப அடி வாங்கியிருக்கு. மொதல்ல வர்றத வேற டிஸ்க்குக்கு அள்ளிருவோம்."

"நான் பாதியில ஒயரப் புடுங்குனதாலயா தம்பி?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேச்சே. அது அதுக்கு முன்னாடியே போயிருச்சுக்கா."

சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்காரியிடம் வேறு யாரும் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, பெயரெல்லாம் அழிந்து வெறும் எண்களாகப் படங்களைக் கொடுத்தான். அதற்குள் நினைவு அட்டை ஆதார் படத்தோடு அச்சாகிவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். யார் யாருடைய மாலையோ, யார் வீட்டுக் குழந்தையின் மொட்டைத் தலையோ. சில திறக்கவேயில்லை. எட்டாவது நாள், "அம்மா, நம்ம கோயிலு!" என்றாள்.

மேலே வாசல் வளைவு தெளிவாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே படம் அறுபட்டு, மிச்சமெல்லாம் ஒரே சாம்பல் நிறம். மகளும் நானும் அந்தச் சாம்பலுக்குள் இருக்கிறோம். பிரவீன் மட்டும் தலைமுடி, நெற்றி, புருவம் வரை தெரிகிறார்.

எங்களைவிட அவர் உயரம்.