நாலாம் நம்பர் வீட்டு மீட்டர்

"மூணு பேர்தானுங்களே?"

வீட்டை வாடகைக்கு விடும்போது சுப்பண்ணன் கேட்ட முதல் கேள்வி அது.

"மூணே பேரு அண்ணாச்சி. நானு, எங்க வீட்டுக்காரரு, அவரு தம்பி" என்றாள் விஜயராணி.

"மூணுக்கு மேல போச்சுன்னா நம்ம போர்த்தண்ணி தாங்காதுங்க. காலி பண்ணச் சொல்லிப் போடுவனுங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அன்று அவள் சொன்னது உண்மைதான். ஒன்றரை வருஷம் உண்மையாகவே இருந்தது. மாசி மாதம் மகள் இசக்கியம்மாள் ஏழு மாத வயிற்றோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கம் இருந்த சொந்த வீடு ஓடு சரிந்து பூட்டிக் கிடந்தது. இப்போது தாய்வீடு என்றால் திருப்பூரில் சுப்பண்ணனின் காம்பவுண்டுக்குள் வரிசையாக நின்ற ஆறு வீடுகளில் நாலாம் நம்பர்தான்.

"ரெண்டு நாளைக்கு வந்திருக்காக்கா" என்று சுப்பண்ணன் மனைவி குழந்தையம்மாளிடம் சொல்லி வைத்தாள் விஜயராணி. ரெண்டு நாள் ஆனது. மகள் ஊருக்குப் போய்விட்டாள் என்று குழந்தையம்மாள் நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இசக்கி வாசலுக்கு வரவில்லை. கக்கூஸ், குளியலறை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் வரவேண்டிய தேவையும் இல்லை.

"உள்ளதைச் சொல்லிருவோமே" என்றான் அவள் புருஷன் தவசி. பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர் அவன். பிசிறு எங்கே என்று கண்டுபிடிப்பதே தொழில். வீட்டுக்குள் ஒன்றை மறைத்து வைத்திருப்பது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்லி? ரெண்டாம் நம்பர்ல ஒடிசாப் பயலுவ அஞ்சு பேரா இருந்தாவன்னு மூணே நாள்ல அனுப்பினாவளே, மறந்துட்டியளா? இந்த வயித்தோட பிள்ளையக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல வீடு தேட? எங்க போனாலும் எத்தனை பேருன்னுதான் முதல்ல கேப்பாவ."

தவசி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினான்.

அந்த மாசக் கடைசியில் போர் காற்றைத் துப்பியது. சுப்பண்ணன் லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார். அதுவரை தண்ணீர் வாடகையோடு சேர்ந்தது. யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. குழாயைத் திறந்துவிட்டு வாசலில் கதை பேசுவார்கள். ஒன்றாம் நம்பர் மணியன் தினம் பைக்கைக் குளிப்பாட்டுவான். லாரி வந்த பிறகும் அப்படியேதான் நடந்தது, லாரிக்குக் காசு கொடுப்பவர் சுப்பண்ணன் ஒருவர்தானே.

அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி நித்யஸ்ரீதான் வழி சொன்னாள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள்.

"ஊட்டுக்கு ஒரு மீட்டர் வெச்சிருங்க அப்புச்சி. மொதோ பதினஞ்சு நாள் சும்மா ரீடிங் மட்டும் பார்ப்போம். அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஆளுக்கு ஆயிரம் லிட்டர் வரைக்கும் ஒரு ரேட்டு. அதுக்கு மேல போனா ரெட்டிப்பு."

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கதவுக்குப் பக்கத்தில், கையகலக் கண்ணாடிக்குள் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"ஏன்யா மணியா, இனிமே பைக்கு அழுக்கு பைக்குதானா?" என்று அஞ்சாம் நம்பர் ராமாயி கிண்டல் செய்தாள்.

"அது அழுக்கா இருந்தாத்தான் எவனும் திருட மாட்டான். நீ உன் ஊட்டுக்காரரை எங்க குளிக்க விடப் போறே?"

"அவரு கம்பெனிலயே குளிச்சிட்டு வந்துருவாரு. சோப்பு மட்டும் குடுத்தனுப்பிச்சாப் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். விஜயராணியும் சிரித்தாள். அவள் கண் மட்டும் அந்தச் சக்கரத்தை விட்டு நகரவில்லை. 'மூணு பேரு ஓட்டம் ஒண்ணு, நாலு பேரு ஓட்டம் ஒண்ணு. இது காட்டிக் குடுத்துருமே' என்று நினைத்தாள். காசு அதிகமாகப் போவது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

சும்மா பார்த்த பதினைந்து நாளில் வீட்டுக்கு ஐயாயிரம் லிட்டர் ஓடியிருந்தது. ரேட்டு விழுந்த அடுத்த பதினைந்து நாளில் எல்லா வீடும் மூவாயிரத்துக்கு இறங்கிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் ஊறப் போனது. துணி அலசிய தண்ணீர் கக்கூஸுக்குப் போனது. வாசல் தெளிப்பது சொட்டு வைப்பதாக ஆனது.

"பாத்தீங்களா அப்புச்சி?" என்றாள் நித்யஸ்ரீ.

சுப்பண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. சித்திரை வெயிலில் லாரிக்காரன் வேறு விலையை ஏற்றினான். அவரும் ரேட்டை ஒன்றரை மடங்கு ஆக்கினார்.

"நாங்க கொறைச்சா நீங்க ஏத்துறீங்க. இது என்ன நாயமுங்க?" என்று மணியன் கேட்டான்.

"லாரிக்காரங்கிட்டக் கேளப்பா அந்த நாயத்தை."

மற்ற வீடுகளில் இந்தத் தடவை பெரிதாக ஒன்றும் மாறவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதே மூவாயிரத்தைச் செலவழித்தார்கள். குளிக்காமலும் கழுவாமலும் எத்தனை நாள் இருப்பது? நாலாம் நம்பரில் மட்டும் சட்டம் இறுகியது. மூன்று பேர் எவ்வளவு செலவழித்தால் மூன்று பேராகத் தெரியும் என்று விஜயராணிக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. குறைந்தால் தப்பில்லை, கூடினால்தான் ஆபத்து என்று நினைத்தாள். தவசிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல். கொழுந்தன் நண்பன் ரூமில் குளித்தான். கக்கூஸுக்கு வாளி இல்லை, சொம்புக் கணக்குதான்.

இசக்கி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அது விஜயராணிக்குத் தெரியவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது இசக்கியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"எம்மா, அடிவயித்துல பிடிச்சு இழுக்கு."

"ஏட்டி, வலியா? எட்டு மாசந்தானே முடிஞ்சிருக்கு!"

"தெரியலம்மா. குளிருது."

தவசி சட்டையை மாட்டினான். "ஆட்டோ கூட்டியாரேன்."

"பொறுங்க" என்றாள் விஜயராணி. "இன்னைக்கு ரீடிங் எடுக்க வருவாவ. எல்லாரும் வாசல்லதான் நிப்பாவ. பத்து மணிக்கு அவிய போனதும் கூட்டிட்டுப் போயிருவோம்."

"பிள்ளைக்கு இப்படிக் கொதிக்குது, பொறுங்கங்கியே?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எங்க வந்து படுக்க வைப்பிய? அதைச் சொல்லுங்க முதல்ல."

தவசி சட்டைப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான். மணி எட்டானது. ஒன்பதானது. ஈரத்துணியை நெற்றியில் போட்டால் நிமிஷத்தில் சூடேறியது. துணியைப் பிழிந்த தண்ணீரைக் கீழே விடாமல் கிண்ணத்தில் பிடித்தாள் விஜயராணி. பிடித்த பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தாள்.

ஒன்பதரைக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சுப்பண்ணன், நித்யஸ்ரீ, பின்னால் குழந்தையம்மாள். விஜயராணி வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

நித்யஸ்ரீ செல்போனில் மீட்டரைப் படம் பிடித்தாள். ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் பிடித்தாள்.

"அப்புச்சி, இங்க வாங்க."

'போச்சு' என்று நினைத்தாள் விஜயராணி.

"ஆயிரத்து நானூறுதான் ஓடியிருக்குது" என்றாள் நித்யஸ்ரீ. "மத்த ஊடெல்லாம் மூவாயிரத்துக்குக் கீழ எறங்கவே இல்லீங்க. ரேட்டு ஏத்தியும் எறங்கலை. அதுக்கு மேல கொறைக்க முடியாதுன்னுதானே அர்த்தம்? உங்களுக்கு மட்டும் எப்படிங்கக்கா பாதியாச்சு?"

விஜயராணிக்கு உடனே புரியவில்லை. கூடிவிட்டது என்று கேட்டால் சொல்ல நாலு பதில் தயாராக வைத்திருந்தாள். குறைந்ததற்கு ஒரு பதிலும் இல்லை.

"சிக்கனமாத்தான்..."

"இது சிக்கனமில்லீங்க" என்றார் சுப்பண்ணன். முகம் இறுகிவிட்டது. "மீட்டர் மேல காந்தம் வெச்சா சுத்தாதாம். நம்ம மணியன்கூடச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தான். இல்லீன்னா உள்ளுக்குள்ள பைப்பைப் பிரிச்சு வேற லைன் இழுத்திருக்கோணும்."

"ஐயோ அண்ணாச்சி, அப்படியெல்லாம் இல்ல. சத்தியமா இல்ல."

"இல்லீன்னா நல்லதுங்க. கதவைத் தொறங்க. பாத்ரூம் பைப்பை ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறேன்."

"வீடு அலங்கோலமாக் கெடக்கு."

"நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கறேன்?"

ராமாயி அஞ்சாம் நம்பர் வாசலில் வந்து நின்றாள். மணியனும் எட்டிப் பார்த்தான். நாலாம் நம்பரில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"தொறக்க மாட்டேங்கறீங்கன்னா என்ன அர்த்தமுங்க? தண்ணி திருடறவங்களுக்கு நான் ஊடு குடுக்க முடியாது. வேற ஊட்டுக்காரங்க வந்து விசாரிச்சாலும் இதைத்தான் சொல்லுவேன்."

திருட்டுப் பட்டத்தோடு போனால் இந்த ஊரில் ஒரு வீடு கிடைக்காது. உள்ளே இருப்பவளைச் சொன்னால் இந்த வீடு கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய முனகல் வந்தது.

"அங்க யாரு?" என்றாள் குழந்தையம்மாள்.

"காந்தமெல்லாம் இல்லக்கா. உள்ள நாங்க நாலு பேரு இருக்கோம். எம்மக போகல. ரெண்டு மாசமா இங்கதான் இருக்கா. மீட்டர் அதிகமாக் காட்டிரக் கூடாதேன்னுதான் நான் கொறைச்சேன்... ரொம்பக் கொறைச்சிட்டேன் போல."

"நாலு பேருக்கு ஆயிரத்து நானூறா?" என்று நித்யஸ்ரீ தனக்குத்தானே சொன்னாள். விரலால் கணக்குப் போட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

குழந்தையம்மாள் விஜயராணியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். பாயில் சுருண்டு கிடந்தவளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, காரை எடுங்க மொதல்ல!"

"என்னாச்சு?"

"எடுங்கன்னா எடுங்க! கண்ணு, எந்திரி சாமி. எப்பயிருந்து காய்ச்சல்? ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

"நாலு நாளா எரியுது."

"தண்ணி குடிக்கறயா இல்லியா?"

இசக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ரொம்பக் குடிக்க மாட்டேன். குடிச்சா அடிக்கடி போணும்லா. போனா ஊத்தணும்லா."

குடிக்கும் தண்ணீர் கேனில் வாங்குவது. அதற்கு மீட்டர் இல்லை. மூலையில் கேன் முக்கால்வாசி நிறைந்து நின்றது. விஜயராணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டித் தீர்த்தாள். சிறுநீரில் கிருமி, அது மேலே ஏறிக் காய்ச்சலாகியிருக்கிறது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் வலி எடுத்துக் குறைமாதத்தில் பிறந்திருக்கும் என்றாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்கும் வரை யாரும் உட்காரவில்லை. குதிரை ஓடுவதுபோல அந்தச் சத்தம் வந்ததும் தவசி வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெனமும் மூணு லிட்டராவது குடிக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

குளுகோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விஜயராணி பக்கத்தில் நின்றாள்.

"உக்காருங்க. எத்தனை நேரம் நிப்பீங்க?"

"அக்கா, எப்ப காலி பண்ணனும்னு சொல்லிட்டியன்னா..."

"இப்பப் பேசற பேச்சா அது?"

"கேட்டுட்டா மனசு ஒரு பக்கம் நிக்கும். எனக்கு வேற எதுவும் ஓட மாட்டேங்குது."

குழந்தையம்மாள் பதில் சொல்வதற்குள் சுப்பண்ணன் மருந்துப் பையோடு வந்தார். காரை நிழலில் விட இடம் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொண்டார். பையைத் தவசியிடம் கொடுத்தார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றார்.

"கேட்டா இருக்க விட்டிருப்பியளா அண்ணாச்சி?"

சுப்பண்ணன் யோசித்தார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"மாட்டேனுங்க" என்றார்.

குழந்தையம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மனைவியைப் பார்க்காமலே பேசினார்.

"நித்யா சொல்றா, ஆளுக்கு ஆயிரம்னு எழுதியிருக்கறது. நாலு ஆளுன்னு மொதல்லயே எழுதியிருந்தா நாலாயிரம் வரைக்கும் அந்தக் கம்மி ரேட்டுதான் உங்களுக்கு. இன்னைக்கே திருத்தி எழுதச் சொல்லிட்டேன். ரேட்டு அப்படியேதானுங்க. லாரிக்காரன் எனக்குச் சும்மா ஊத்த மாட்டான்."

"பொறந்த பொறவு அஞ்சாயிருமே அண்ணாச்சி" என்றாள் விஜயராணி. சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"ஆகுமுங்க. பச்சப்புள்ளைக்குத் துணி அலசவே அத்தனை தண்ணி வேணும்" என்றார் சுப்பண்ணன். "அஞ்சு பேருக்கு அந்த ஊடும் பத்தாது, நம்ம போரும் பத்தாது. பொறந்து மூணு மாசம் இருங்க. அதுக்குள்ள நானும் வேற ஊடு விசாரிக்கறேன், நீங்களும் விசாரிங்க. எத்தனை பேருன்னு கேட்டா மட்டும் உள்ளதைச் சொல்லிப் போடுங்க."

விஜயராணி தலையாட்டினாள். பிறந்து மூன்று மாதம் என்றால் ஆடி முடிந்து ஆவணி வந்துவிடும். அதற்குள் மழை வருமோ வராதோ.

கட்டிலில் இசக்கி கண் விழித்து, "எம்மா, தண்ணி" என்றாள்.

சொம்பை அவள் வாயருகே பிடித்தாள் விஜயராணி. பாதி குடித்துவிட்டு மகள் நிறுத்தப் பார்த்தாள்.

"முழுசாக் குடிட்டி" என்றாள். குரல் அதட்டலாகத்தான் வந்தது.