பீரோவின் கால்

என் கணவர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தார். 'பீரோ' என்ற ஒரே சொல்லோடு ஒரு மழைக்காலம் முழுவதும் மல்லுக்கட்டினார். பிரெஞ்சில் அது முதலில் முரட்டுக் கம்பளித் துணியாம். அதை மேஜைமேல் விரித்ததால் மேஜைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு மேஜை கிடந்த அறைக்கு, பிறகு அலுவலகத்துக்கு. பத்திரிகைக்காரர்களுக்கு அது கிளை அலுவலகம். நமக்கு இரும்பு அலமாரி. அலுவலகத்தைத்தான் முதல் பொருளாகப் போட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்றார்.

"யார் வீட்லயாவது பீரோவைத் திறந்தா உள்ள மேனேஜர் உக்காந்திருக்காரா?" என்று இவர் சாப்பிடும்போது என்னிடம் சீறுவார்.

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா ஆசிரியர்? சோறு ஆறுது."

எங்கள் படுக்கையறை பீரோவின் முன்கால் ஒன்றின் அடியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை மடித்துச் செருகியிருந்தார். "பாத்தியா, மூலப்பொருள் கீழ கிடக்கு, மத்ததெல்லாம் அதுமேல நிக்குது" என்று சிரிப்பார். அகராதிக்காரர் வேடிக்கை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"போகும்போது அந்த நீலச் சட்டையைப் போட்டு அனுப்பு. நீ தைச்சது."

"அதுவா? காலர் கோணலா இருக்குமே."

"இருக்கட்டும். நான் மட்டும் என்ன நேராவா இருந்தேன்?"

அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள், வருகிறவர்கள் நிற்க இடம் வேண்டுமென்று கொழுந்தன் படுக்கையறையை ஒழித்து, பீரோவை எதிர்ச்சுவருக்குத் தள்ளி வைத்திருந்தான். நீலச் சட்டையை எடுக்க நான் சாவியைப் போட்டேன். திரும்பியது. கைப்பிடியும் இறங்கியது. கதவு மட்டும் அசையவில்லை.

"நகருங்க அண்ணி" என்று கொழுந்தன் இழுத்தான். மகள் இழுத்தாள். மாடி வீட்டுக்காரர் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து கீல்களில் ஊற்றினார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் ஓங்கி உதைக்கச் சொன்னார். பூட்டுக்காரரை அழைத்தோம். அவர் சாவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டு நல்லாத்தாம்மா இருக்கு. என் வேலை அவ்வளவுதான்."

"கதவு திறக்கலையேப்பா!"

"அது கதவோட பிரச்சினை."

எனக்கு அந்தப் பூட்டுக்காரரையே தூக்கிப் பீரோ மேல் போடலாம் போலிருந்தது. வெளியே சுடுகாட்டு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னொரு இடத்துக்கும் போகணும்மா" என்றார். கொழுந்தன் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றான்.

அதைப் போட்டுத்தான் அனுப்பினேன். தோளில் தொளதொளத்தது. காலர் மட்டும் அப்பழுக்கில்லாமல் நேராக இருந்தது.

எல்லோரும் போனபின் வீட்டைப் பெருக்கிய மகள் கேட்டாள்.

"இந்த அழுக்குத் துணி என்னம்மா? பீரோவைத் தள்ளும்போது சித்தப்பா எடுத்துக் குப்பையில போட்டுட்டாரு."

மடிப்புக் கலையாத கம்பளித் துண்டு. தரையைப் பார்த்தேன். இந்த அறையின் தரை வாசல் பக்கம் சரிவு. தண்ணீர் கொட்டினால் அங்கேதான் ஓடும். பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேல்மூலையில் கதவு சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

இருவருமாகப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். மகள் கடப்பாரையால் நெம்ப, நான் துணியைக் காலடியில் செருகினேன். கைப்பிடியைத் தொட்டதும் கதவு வெண்ணெய் மாதிரி வந்தது. முதல் ஹேங்கரில் நீலச் சட்டை.

கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியை இழுத்தேன். திறந்தது. மறுபடி அறைந்தேன். மறுபடி திறந்தது.

"அம்மா, போதும்மா."

"ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்னீங்களே" என்று அந்தச் சட்டையைப் பார்த்துக் கத்தினேன். "இந்தத் துணி எதுக்குன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"