நாலு எண்ணும் வரை

தலை நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கன்னியப்பன் வைக்கோலைப் பிரியாகச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் சாய்ந்தது. தோள்துண்டை நெற்றியோடு சேர்த்து நாற்காலி முதுகில் கட்டினார். அப்போது மோவாய் கீழே இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மச்சான்" என்றான் எத்திராஜ், கேமரா ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றபடி.

சொன்ன பிறகுதான், தூக்கச் சொன்னது தன் அக்காளின் முகத்தை என்பது உறைத்தது.

சாமுண்டீஸ்வரி காலையில் இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தாள். சுவரில் சாய்ந்தாள். இழுப்பு நின்றது. வருஷக்கணக்காக அந்த வீட்டில் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. நின்றதும் எல்லோருக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கட்டின புருஷன் கன்னியப்பன்கூட, "அப்பாடா, தூங்கிட்டா" என்றார். தூக்கம் இல்லை என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

உடம்பு விறைப்பதற்குள் உட்கார வைத்துவிட வேண்டும். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைப்புடவை சுற்றி, மணியக்காரர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். சுற்றி வீட்டார் நிற்க ஒரு படம் எடுத்த பிறகுதான் பாடை. அயனம்பாக்கத்தில் அநேகம் பேருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான். அதை எடுக்கும்போது வாழ்நாள் முடிந்திருக்கும். பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் எத்திராஜுக்குப் பாதிப் பிழைப்பு அதில்தான் ஓடியது. செத்தவர்களைப் படம் எடுப்பது சுலபம். கூட நிற்கிறவர்கள்தான் ஆடித் தொலைப்பார்கள்.

அக்காளுக்கு முடியவில்லை என்று நேற்று ஆள் வந்ததும் வண்டி பிடித்துக் கிளம்பியவன், பெட்டியையும் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டான். உடன்பிறந்தவள் நோயில் கிடக்கிறாள், பார்க்கப் போகிறவன் சாத்துக்குடி வாங்கிப் போவான். படம் பிடிக்கிற பெட்டியையா தூக்கிக்கொண்டு போவான்? வண்டியிலிருந்து அதை இறக்கியபோது கன்னியப்பன் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உள்ளே படுத்திருந்த அக்காள்தான் கேட்டாள்.

"பொட்டியோட வந்துட்டியா?"

"சும்மாக்கா. வண்டில கெடந்துச்சி."

"சரி. ஈரத்துல வெக்காத" என்றாள்.

பெட்டி என்றால் ஏதோ ஒரு பெட்டி இல்லை. பெல்ஹாம், லண்டன். முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் அப்படித்தான் வெட்டியிருந்தது. பூந்தமல்லிப் பட்டாளத் தண்டில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது ஏலம் விட்டதில் எடுத்தது. "ஒலகத்துல இதுக்கு மேல பொட்டி கெடையாதுக்கா" என்று எத்திராஜ் சொன்னான், அவளும் நம்பினாள். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும், "எங்க எத்திராஜ இட்டுகினு வாங்க. அவன் வெச்சிகினு கீறது லண்டன் பொட்டி" என்று இருமிக்கொண்டே சிபாரிசு செய்தாள்.

அப்போது அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் உலகத்துக்கு என்ன அவசரம் வந்ததோ. மவுண்ட் ரோடு கடையின் கண்ணாடி அலமாரியில் வருஷத்துக்கு ஒரு புதுப் பெட்டி வந்து உட்கார்ந்தது. எதிலும் பெல்ஹாம் பெயர் இல்லை. படம் விழுகிற கண்ணாடி பிளேட்டு வாங்கப் போகும்போதெல்லாம், "பெல்ஹாம்காரன் புதுசா எதுனா உட்டுகீறானா?" என்று விசாரிப்பான். கடைக்காரர் முதலில் இல்லை என்று சொன்னார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். போன வருஷம், "அந்தக் கம்பெனி இன்னும் இருக்கா என்ன?" என்று இவனையே திருப்பிக் கேட்டார். பெண் கொடுத்த இடத்தைப் பற்றி யாரோ இளக்காரமாகப் பேசினதுபோல் இவனுக்குச் சுருக்கென்றது. வருவான், அடுத்த வருஷம் பாருங்கள், எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று விடுவான் என்று சொல்லிவிட்டு வந்தான். ரயில் ஏறிய பிறகு அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இந்த லட்சணத்தில் ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. கூடவே உலகநாதன் ஒரு கடையைத் திறந்தான். அவனிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஜெர்மன் பெட்டி. பிளேட்டு கிடையாது, பிலிம் சுருள். ஸ்டாண்டு வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம், எண்ண வேண்டாம். கிளிக் என்றால் வேலை முடிந்தது. சிப்பாய்கள் சிரிக்கச் சிரிக்கப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். "சண்டை ஜெர்மன்காரன் கூட, படம் மட்டும் ஜெர்மன்காரன் பொட்டில. ஒரு நாளைக்கி போலீசு வந்து அள்ளிகினு பூடும் பாரு" என்று எத்திராஜ் சொல்லிக்கொண்டிருந்தான். போலீஸ் வந்தது. குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனது.

பெல்ஹாமில் லென்சின் மூடியைக் கழற்றிவிட்டு நாலு எண்ண வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஊரே அடக்கியது, அக்காளால் முடியவில்லை. மூன்று தடவை உட்கார வைத்துப் பார்த்தான். இரண்டு என்பதற்குள் நெஞ்சு தூக்கிப்போடும், மூன்றில் இருமல். பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் நாற்காலி இருக்கும், புடவை இருக்கும், மடியில் வைத்த கைகூட இருக்கும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை. மூன்றாவது தடவை அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு எண்ற வரிக்கும் மூச்ச புடிச்சிகினு குந்தத் தெரியாதா உனக்கு?"

"நான் இன்னாடா பண்ணுவேன்? உன் பொட்டிய கொஞ்சம் வெரசா பாக்கச் சொல்லு" என்றாள் அவள், இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.

ஆவடிக்காரனை மனதில் வைத்துத்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். அப்படித்தானா என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அதோடு அவளை உட்கார வைப்பதை விட்டுவிட்டான்.

"ஆச்சி. நின்னுட்ச்சி" என்றார் கன்னியப்பன். வைக்கோலும் துண்டும் வெளியே தெரியாதபடி பக்கத்து வீட்டு எல்லம்மா மாலையைச் சரிசெய்தாள். குங்குமத்தைப் பெரிதாக இட்டுவிட்டு விலகி நின்று பார்த்தாள்.

"நேத்து ராவிக்கி என்னாண்ட சொன்னா" என்றாள் எல்லம்மா. "எத்திராஜு பொட்டி கொண்டாந்துகீறான், காலைல வெளிச்சம் வந்ததும் இன்னொரு தபா குந்திப் பாக்கறேன்னா. மூஞ்சி கழுவ வெந்நி வெச்சிக் குடுன்னா."

எத்திராஜ் ஸ்டாண்டின் திருகாணியைத் திருகினான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. குந்திப் பார்க்கிறேன் என்றால்? உயிரோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னாளா, இப்படியா? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லம்மாவைக் கேட்கலாம். கேட்டால் அவளுக்கு மட்டும் என்ன தெரிந்துவிடும்?

அந்த நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்த உலகநாதன் வேலி ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினான். கழுத்தில் தோல் உறைக்குள் அந்தப் பெட்டி தொங்கியது.

"இவன யாரு இட்டாந்தது?" என்றான் எத்திராஜ்.

"நான்தான் மாமா ஆளு அனுப்பனேன்" என்றாள் தாட்சாயிணி. அக்காளுக்கு ஒரே மகள். பருத்திப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், அம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்து இங்கேயே இருந்தாள்.

"ஏன், உன் மாமன் செத்துப் பூட்டானா?"

தாட்சாயிணி குரலை உயர்த்தவில்லை. அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அம்மா இனிமே ஆடாது மாமா. நாங்க ஆடுவோம். இன்னிக்கி எங்களால நாலு எண்ற வரிக்கும் நிக்க முடியாது. உன் பொட்டில அம்மா மட்டும் தனியா உழும். எனக்கு அம்மா கூட ஒரு படம் வோணும் மாமா. இதுவரிக்கும் ஒண்ணு கூட இல்ல."

எத்திராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்கும் பெல்ஹாம் கம்பெனிக்காரன் மேலா, இந்தப் பெண் மேலா, கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கும் அக்காள் மேலா. அக்காள் செத்த அன்றைக்கு ஒருத்தன் லென்சைப் பற்றி நினைப்பானா? அவன் நினைத்தான். உலகநாதனின் லென்சில் அக்காளின் மூக்குத்தி எப்படி விழும் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் இதெல்லாம் வருகிறதே என்று வெட்கமாக இருந்தது.

உலகநாதன் பெட்டியைத் துண்டால் மூடிக்கொண்டான். "நீங்களே எடுங்க அண்ணாத்தே. நான் அக்காவ பாக்கத்தான் வந்தேன்" என்றான். அவன் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் எத்திராஜுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"என் அக்காள நான்தான் எடுப்பேன்."

ஜெர்மன்காரனோடு சண்டை வந்த பிறகு பிளேட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கையில் இருந்தது ஒன்றுதான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். பெட்டியின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் அக்காள் தலைகீழாகத் தெரிந்தாள். எல்லோருமே அதில் அப்படித்தான் தெரிவார்கள். எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பழகியதுதான். ஆனாலும் இன்றைக்கு அவளைப் பிடித்து நேராக்கிவிட வேண்டும்போல் கை பரபரத்தது. மூக்குத்தியின் கல் துல்லியமாகத் தெரியும்வரை பெட்டியின் திருகாணியைத் திருப்பினான். அந்த மூக்குத்தி இத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்று அவன் பார்த்ததில்லை.

வெளியே வந்து பிளேட்டைச் செருகினான். நாற்காலிக்குப் பின்னால் கன்னியப்பன் நின்றார், வலப்பக்கம் தாட்சாயிணி, அவளைத் தாங்கிக்கொண்டு எல்லம்மா. ஒப்பாரி வைத்த பெண்கள் படத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டார்கள். எத்திராஜ் லென்சின் மூடியில் கையை வைத்தான்.

"மூச்ச புடிச்சிக்கோக்கா. ஆடாத. நாலே நாலு எண்றதுதான்."

சொல்லிவிட்டான். குரலில் எரிச்சல்கூட இருந்தது, அந்த மூன்றாவது தடவை இருந்த அதே எரிச்சல். கை அதன் பாட்டுக்கு மூடியைக் கழற்றிவிட்டது.

ஒன்று. ஒருவரும் அசையவில்லை. இரண்டு. கன்னியப்பன் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவள் சொன்னபடி செய்கிறாளா என்று பார்ப்பதுபோல. மூன்று. தாட்சாயிணியின் உதடு கோணியது, "யம்மா" என்று மடியில் போய் விழுந்தாள். எல்லம்மா அவளைப் பிடிக்கப் பாய்ந்தாள். பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். நாலு.

மூடியைப் போட்டான். கழுவிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நடுவில் அக்காள், மூக்குத்திக் கல் முதற்கொண்டு தெளிவாக இருப்பாள். சுற்றிலும் புகையாக இருக்கும். பெல்ஹாமின் பேச்சை அவள் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாள். இவ்வளவு நல்ல படத்தை அவன் எடுத்ததே இல்லை. அவனுக்கு அது வேண்டாம்போல் இருந்தது.

பிளேட்டை உருவி, துணி சுற்றி, பைக்குள் வைத்தான். பிறகு எதற்கோ திரும்பவும் வெளியே எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒலகநாதா" என்றான். "நீ ஒண்ணு எடு."

உலகநாதன் உடனே பெட்டியை எடுக்கவில்லை. கன்னியப்பனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"அப்ப நீங்களும் போயி நில்லுங்க அண்ணாத்தே."

"நானா?"

"பின்ன? நீங்க தம்பி இல்லியா?"

லென்சுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றதே கிடையாது. நாற்காலிக்கு இடப்பக்கம் போய் நின்றான். பிளேட்டை எல்லம்மா வாங்கிக்கொண்டாள். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நாற்காலி முதுகின் மேல் வைத்தான். துண்டின் முடிச்சு விரலில் இடித்தது. மடியில் கிடந்த தாட்சாயிணியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"அவள எழுப்பட்டா?" என்றான்.

"வோணாம் அண்ணாத்தே. அழுவட்டும். ஒண்ணும் ஆவாது."

எத்திராஜ் நிமிர்ந்தான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒன்று.

சுள்ளி ஒடிகிற மாதிரி எங்கேயோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உலகநாதன் கையைத் தாழ்த்தினான். "எடுத்தாச்சி" என்றான். இரண்டு. எல்லம்மா தாட்சாயிணியைத் தூக்கி நிறுத்தி, மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பாடை கட்டி முடித்தவர்கள் கயிற்றோடு வந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

மூன்று.

"எத்திராஜு" என்றார் கன்னியப்பன். "ஆயிட்ச்சிப்பா. நவுந்துக்கோ."

அவர் முடிச்சை அவிழ்த்தார். அக்காளின் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்து அவன் கையின் மேல் வந்து தங்கியது. எத்திராஜ் மூச்சை விடாமல் நின்றான்.