மூன்றாம் அமாவாசைக்கு பாங்காக்

பூமிகாவின் மூக்கு நுனிக்குச் சற்று இடப்பக்கமாக ஒரு மரு இருந்தது. சின்னதுதான். ஆனால் நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு அது போதும். அங்கே அவளுக்குப் பெயர் ‘மொளகு’. பூமிகா என்று கூப்பிடுவது வருகைப் பதிவேடு மட்டும்தான்.

மருவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு மூன்று அமாவாசை தொடர்ந்து போய், உப்பும் மிளகும் போட்டுவிட்டு வர வேண்டும். பெருமாள் அங்கே படுத்திருப்பார். படுத்த வாக்கிலேயே மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நடுவில் ஒரு அமாவாசை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மா கல்பனாவோடு பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போய் இரண்டு அமாவாசையை முடித்துவிட்டாள் பூமிகா. மூன்றாவதை நாள்காட்டியில் தேடி வைத்திருந்த நேரத்தில்தான் அப்பா சரவணகுமார் வந்து தலையில் குண்டைப் போட்டார்.

புதுவாயல் கூட்ரோட்டில் அவருக்குப் பெயிண்ட் கடை. கம்பெனி சொன்ன அளவுக்கு டின் விற்றுவிட்டாராம். அதற்காக டீலர்களைக் குடும்பத்தோடு பாங்காக்குக்குக் கூட்டிப் போகிறார்களாம். நான்கு நாள் பயணம். மூன்றாம் நாள் அமாவாசை.

“நைனா, நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க.”

“பாரின் டூரு பாப்பா. யாராச்சும் வரலன்னுவாங்களா?”

“அப்ப என் மூக்கு?”

“மூக்கும் கூடவேதான் வருது. அதுக்குத் தனியா டிக்கெட்டு இல்ல” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பெரியவர்களுக்கு எல்லாமே விளையாட்டுதான். அழுது பார்த்தாள், பருப்பு வேகவில்லை.

பாங்காக்கில் இறங்கியதும் எல்லார் தலையிலும் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் தொப்பி ஏறியது. நாற்பது தொப்பிகளுக்கும் முன்னால் பிரின்சி அக்கா ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சென்னையிலிருந்து கூடவே வந்தவள்; இத்தனை பேரையும் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பொறுப்பு. நின்றால் தலை எண்ணுவாள், நடந்தாலும் எண்ணுவாள்.

பூமிகாவுக்கு இந்த ஊர் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இத்தனை வண்டி போகிறது, ஒருத்தர்கூட ஹார்ன் அடிப்பதில்லை. புதுவாயலில் லாரிக்காரர்கள் அடிக்கிற அடியில் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும். இங்கே எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் ஹார்ன் ரிப்பேரா? மறுநாள் ஆற்றில் படகு ஏறியபோதுதான் விளங்கியது. படகின் பின்பக்கம் ஒரு முழு இன்ஜினைத் திறந்தபடி மாட்டியிருந்தார்கள். ஊரில் மிச்சம் பிடித்த சத்தத்தையெல்லாம் அது ஒன்றே போட்டுத் தீர்த்தது.

டாக்சிகள் ரோஸ் நிறத்தில் இருந்தன. அப்பா ஒன்றின் கதவை விரலால் தடவி, “பினிஷிங் நல்லா கீது” என்றார். ஓட்டலுக்குள் நுழைந்தால் சுவரைத் தட்டினார். திருநின்றவூர் டீலர் ஆதிகேசவன் அவருக்கு மேல். எல்லாரும் முப்பதாவது மாடியிலிருந்து ஊரைப் பார்க்க, அந்த இரண்டு பேர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மாடிச் சுவரைப் பார்த்தார்கள். “ரெண்டு கோட்டு அடிச்சிக்கிறான்” என்றார் ஒருவர். “மூணு” என்றார் மற்றவர். தெருவில் பொரித்த வெட்டுக்கிளி விற்றார்கள். கல்பனா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்தடி போனாள், பிறகு திரும்பி இன்னொரு தடவை பார்த்தாள். எங்கே சுற்றினாலும் மதியத்துக்கு மட்டும் தவறாமல் சாம்பார் வந்தது. கம்பெனி சமையல்காரரையும் கூடவே விமானம் ஏற்றியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் கண்ணாடிக் கடையைக் கடந்தாலும் அதில் மூக்கு தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை நாஷ்டாவின்போது பிரின்சி அக்கா எழுந்து நின்றாள். “இன்னிக்கு மொதல்ல பெரிய புத்தர் கோயில். அவர் படுத்துட்டு இருப்பார். முட்டி தெரியிற டிரஸ் போடக்கூடாது.”

பூமிகாவின் கையிலிருந்த இட்லி பாதி வழியில் நின்றது. “படுத்துக்கினா இருப்பாரு?”

“ஆமாம்மா. நாப்பத்தாறு மீட்டர் நீளம்.”

அமாவாசை. படுத்திருக்கும் சாமி. மேஜை நடுவே கிண்ணம் நிறைய, காகிதப் பாக்கெட்டில் உப்பும் மிளகுத் தூளும். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன சொல்ல வேண்டும்? யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நான்கு மேஜைக் கிண்ணங்களையும் பைக்குள் கவிழ்த்துக்கொண்டாள்.

கோயிலுக்குள் புத்தர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தங்கமாகப் படுத்திருந்தார். கால் விரல்கள் அத்தனையும் ஒரே நீளம். அப்பா முதல் தடவையாக எதையும் தட்டாமல் நின்றார். “பெயிண்ட் இல்ல, தங்கம்” என்று ஆதிகேசவனிடம் மெல்லச் சொன்னார்.

புத்தரின் முதுகுப் பக்கம், சுவர் நெடுக வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. நூற்றெட்டு என்றாள் பிரின்சி. வந்தவர்கள் சில்லறையை வாங்கிக்கொண்டு கிண்ணத்துக்கு ஒன்றாக, ஒன்றையும் விடாமல் டிங் டிங் என்று போட்டுக்கொண்டே போனார்கள். ஓ, இங்கே இப்படித்தான் போல என்று பூமிகா புரிந்துகொண்டாள். பாக்கெட்டைக் கிழித்தாள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை மிளகு. அவளுடையது மட்டும் சத்தமே போடவில்லை. கிண்ணத்துக்குக் கிண்ணம், “மரு போவணும்” என்று அவள்தான் முணுமுணுக்க வேண்டியிருந்தது.

எழுபதாவது கிண்ணத்தருகே அம்மா பிடித்துவிட்டாள். “இன்னாடி பண்ணிக்கினு கீற?”

“அமாவாசம்மா.”

கல்பனா கிண்ணத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துபோனதை இந்தச் சின்னது மட்டும் கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறது. திட்ட வந்தவள் திட்டவில்லை. முந்தானையை விரித்து, சேலை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி மறைத்துக்கொண்டு நின்றாள். “சீக்கிரம் போடு” என்றாள்.

நூற்றேழு முடிந்தது. கடைசிப் பாக்கெட்டில் கடைசிச் சிட்டிகை மிளகு, எதிரே, உப்பு மட்டும் விழுந்த கடைசிக் கிண்ணம். அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள்.

கோயிலைத் துடைக்கிற அம்மாள். கையில் துணி. விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளை மோந்து பார்த்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பிரின்சி கொடியோடு ஓடிவந்தாள். கல்பனா முந்தானையால் கிண்ணத்தைத் துடைக்கப் போக, அந்த அம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தாள். “போச்சு, பேஜாராயிடுச்சி” என்றார் ஆதிகேசவன்.

பிரின்சிக்கு அந்த ஊர்ப் பேச்சு வராது. பூமிகாதான் விளக்கினாள். மருவைத் தொட்டுக் காட்டினாள். பாக்கெட்டைக் காட்டினாள். கிண்ணத்தைக் காட்டினாள். கடைசியாக மூக்கிலிருந்து எதையோ சுண்டி எறிகிற மாதிரி விரலைச் சுண்டினாள்.

அந்த அம்மாள் குனிந்து அவள் மூக்கைப் பார்த்தாள். பிறகு தன் காதோரத்து முடியை ஒதுக்கினாள். அங்கே கொண்டைக்கடலை அளவில் ஒரு மரு. அதைத் தொட்டாள், பாக்கெட்டைச் சுட்டினாள், வெறும் உள்ளங்கையை நீட்டினாள்.

பூமிகா பாக்கெட்டை இறுக்கிப் பிடித்தாள். இருப்பது ஒரே சிட்டிகை, பாதியாகப் பிரிக்கவும் முடியாது. நூற்றேழு போட்டதெல்லாம் இந்த ஒன்றில் இருக்கிறது. இரண்டு அமாவாசையும் இதில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போனால் ‘பி’ பிரிவு அங்கேயேதான் இருக்கும். யோசனை கேட்கலாம் என்று புத்தரை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து முதுகுதான் தெரிந்தது.

பாக்கெட்டை அந்தக் கையில் கவிழ்த்தாள். ஒரு தூள் விடாமல் தட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் கடைசிக் கிண்ணத்தில் அதைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

வெளியே வெயிலில் செருப்பு மாட்டும்போது கல்பனா கேட்டாள். “உனுக்கு இனிமே மறுபடியும் மொதல்லேர்ந்து மூணு அமாவாச போவணும். தெரியும் இல்ல?”

“தெரியும்மா.” பூமிகா உள்ளங்கையை முகர்ந்து ஒரு தும்மல் போட்டாள். “நம்புளுக்கு திருவள்ளூருக்கு பெரியபாளையம் வழியா பஸ்ஸு கீது. அவங்க எப்டிம்மா வருவாங்க?”