பின்சக்கரத்தில் ஆயில்

மாரப்பண்ணன் ஹாரனை ஒரு முறை அடித்தால் சும்மா வந்திருக்கிறார் என்று அர்த்தம். விடாமல் அடித்தால் பின்சக்கரத்தில் மறுபடியும் ஆயில் கசிகிறது, என்னைத் திட்டப் போகிறார் என்று அர்த்தம். அந்த வெள்ளிக்கிழமை காலை விடாமல் அடித்தார்.

"ஏனுங்க பாய், போன மாசம் நீங்க போட்டது ஆயில் சீலுங்களா, சல்லடைங்களா?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திட்டும்போதுகூட 'ங்க' போடாமல் திட்டத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மரியாதையாகத் திட்டுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

மேட்டுப்பாளையத்தில், காரமடை ரோட்டில் இருக்கிறது என் ஒர்க்‌ஷாப். பழைய ஃபோர் வீல் ஜீப் என்றால் யூனுஸிடம் கொண்டு போ என்று அன்னூர், ஈரோட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். வேலை சுத்தம் என்பார்கள், வாய்தான் கொஞ்சம் அதிகம் என்பார்கள். இரண்டும் உண்மை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் வேலையைக் குறை சொன்னால் அங்கேயும் நிற்காது.

மாரப்பண்ணனும் அவர் மனைவி பாவாத்தாளும் பாக்குத் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எஸ்டேட் ஒன்றில் ஏலத்துக்கு வந்த இந்த ஜீப்பை எடுத்து ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் வீட்டில் விளக்கு கொஞ்சம் பிரகாசமாக எரிந்தது. பஸ் போகாத மலைரோடு ஒன்று இருக்கிறது. காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போவார், பொழுதோடு இறக்கிக்கொண்டு வருவார். ஃபோர் வீல் இல்லாத வண்டி அந்த ரோட்டில் பாதி தூரம்கூட ஏறாது.

பின் அச்சிலிருந்து கசிகிற ஆயில் தரையில் சொட்டினால் பரவாயில்லை, துடைத்துவிட்டுப் போகலாம். இது சக்கரத்துக்குள் இறங்கி பிரேக் லைனிங்கில் படுகிறது. லைனிங்கில் ஆயில் பட்டால் பிரேக்கை மிதிப்பதும் ஒன்றுதான், மிதிக்காததும் ஒன்றுதான். முதல் முறை, ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையமான சீலை மட்டும் மாற்றினேன். அடுத்த முறை சீலோடு பேரிங்கையும் மாற்றி, அச்சுத் தண்டைக் கோயமுத்தூருக்கு அனுப்பி லேத்தில் பாலிஷ் போட்டு வாங்கினேன். இதோ, மறுபடியும் டிரம்முக்கு அடியில் பிசுபிசுவென்று நிற்கிறது.

"சல்லடை போடறதுக்கு நான் என்ன மாவு மில்லா வெச்சிருக்கறேன்? உங்களுக்கு ஓட்டத் தெரியலீங்க. ரெண்டாவது கியர்ல இறங்கோணும்னு எத்தன தடவ சொல்றது?" என்றேன்.

"நேத்து மூணாவது வளைவுல வண்டி நிக்கலீங்க பாய்." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "பின்னால பொம்பளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு வாறாங்க. நான் ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு, கியரக் கொறச்சு, எப்படியோ நிறுத்திப்போட்டேன். அவங்களுக்குத் தெரியாது. இதுதானுங்க கடைசி. இன்னைக்குச் செரியாகலீனா வண்டியக் காயலாங்கடைக்குத் தள்ளிப்போட்டு, மில்லுக்கு வாட்ச்மேனாப் போயிருவேன்."

என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. நான் மாட்டிய சீலை நம்பி ஒரு ஜீப் நிறையப் பெண்கள் மலையிறங்குகிறார்கள்.

முன்சீட்டிலிருந்து பாவாத்தாள் இறங்கினாள். ஒல்லியான பெண், அவ்வளவாகப் பேசமாட்டாள். "வண்டிய வித்துப்போடலாம்னு சொல்றாருங்கண்ணா. அதான் நானும் கூட வந்தேன். நீங்க நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

மாரப்பண்ணன் தெரிந்தவரைப் பார்க்கப் பாக்கு மண்டிக்குப் போனார். பாவாத்தாள் வேப்பமர நிழலில் பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். நான் ஜீப்புக்கு அடியில் போனேன்.

பின் அச்சில் ஆயில் ஊற்றுகிற இடத்து நட்டைத்தான் முதலில் கழற்றினேன். ஸ்பானரை இரண்டு சுற்றுச் சுற்றியதும் 'புஸ்' என்று காற்று என் முகத்தில் அடித்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன். அங்கே காற்று அடைந்திருக்கவே கூடாது.

மலையேறும்போது அச்சுக்குள் இருக்கும் ஆயில் சூடாகும், காற்று விரியும். அது வெளியேற அச்சின் தலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு வைத்திருப்பார்கள். பிரீதர் என்போம். அது அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும், ஆயிலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வெளியே வரும். தங்கத்திலேயே சீல் செய்து மாட்டினாலும் நிற்காது. இதை முதலிலேயே பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆற்றுச் சேற்றில் இறங்குகிற வண்டிக்குத்தான் அது அடைக்கும். மலைரோட்டு வண்டிக்கு அடைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் சீலில் குற்றமில்லை! மண்டி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தி, மாரப்பண்ணனைக் கூப்பிட்டு, இப்போது சொல்லுங்கள் யார் சல்லடை என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கையை மேலே விட்டு அந்த மூக்கைத் தடவினேன். சேறு இல்லை. காரை பூசியது போல் கெட்டியாக ஏதோ இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். மஞ்சளாக உதிர்ந்தது. கீழே சிவப்பு. அதற்கும் கீழே மறுபடி மஞ்சள். முகர்ந்து பார்த்தேன். கியர் ஆயில் நாற்றத்தையும் மீறிச் சந்தனம் மணத்தது.

செல்போன் லைட்டைப் போட்டுச் சுற்றிலும் அடித்தேன். நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் பொட்டு. பட்டை ஸ்பிரிங்கில் பொட்டு. அச்சின் நடுவில் பல்சக்கரம் இருக்கிற கிரௌன் வயிற்றில் பொட்டு. இந்த மூக்கின்மேல் மட்டும் பூசிப் பூசி ஒரு குன்று. எல்லா வண்டியிலும் ஆயுத பூஜையன்று முன்பக்கப் பம்பரில் வைப்பார்கள், கண்ணாடியில் வைப்பார்கள். வண்டிக்கு அடியில் போய் யார் வைப்பார்கள்?

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். "அம்மணி, அடியில பொட்டு வெச்சது நீங்களா?"

அவள் முகம் அப்படி மலர்ந்தது. "பாத்துப்போட்டீங்களா? அவருகிட்டச் சொல்லீராதீங்க, சிரிப்பாரு. போன மழைக்கு வண்டி வழுக்கிட்டு ஒரு பாறையில முட்டி நின்னுச்சுங்களே, அன்னைல இருந்து வெள்ளிக்கெழம தவறாம வெக்கறேனுங்க. வெடியறதுக்கு முன்னாலயே, அவரு எந்திரிக்கறதுக்குள்ள உள்ள போயி வெச்சுட்டு வந்துருவேன். மேலாப்புல வெச்சா மட்டும் பத்துங்களா? ரோட்டப் புடிச்சுட்டுப் போறது அடியில இருக்கறதுதானுங்களே."

"அச்சு மேல, அந்தச் சின்னக் குமிழ் மேல..."

"அது குட்டி லிங்கமாட்டவே இருக்குதுங்க! அதுக்கு மட்டும் எப்பவும் ரெண்டு தடவ. ஆயில் ஒழுக ஆரம்பிச்சதும் எனக்கு பயமாப் போச்சுங்கண்ணா. ஏதோ கொற வெச்சுட்டனோன்னு அப்பறம் இன்னுங் கொஞ்சம் சேத்தியே வெச்சேன்."

புருஷன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று இவள் பூசிய சந்தனம்தான் நேற்று மூன்றாவது வளைவில் அவரைக் கொன்றிருக்கும். இதை இவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பூசுவாள். மறுபடியும் அடைக்கும்.

அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் டீசல் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டினேன். அதைச் சேஸிஸ் ஓரமாகவே கொண்டுபோய்ப் பின்சீட்டுக்கு அடியில், யார் கையும் எட்டாத இடத்தில் வாயைத் திருப்பிக் கட்டினேன். இனி அச்சு முழுக்கச் சந்தனக் காப்பே சாத்தினாலும் காற்று மேலே போய்விடும். புது சீல், புது லைனிங் போட்டு, டிரம்மைக் கழுவி மாட்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது.

மாரப்பண்ணன் வந்ததும் நானே சொன்னேன். "சீல் வாய் மடங்கிப் போச்சுங்கண்ணா. மாட்டறப்ப நான் கவனிக்கல. தப்பு என்னுதுதான்."

சொல்லும்போது நாக்கு கசந்தது. அவர் சும்மா இருப்பாரா? எதிர் டீக்கடைக்கே கேட்கிற மாதிரி, "கேட்டுக்கங்க! பாய் தப்ப ஒத்துக்கிட்டாருங்க!" என்றார். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போகட்டும். வண்டி நின்றால் சரி.

பாவாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி விலைக்குப் போகாது. குனிந்து ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அங்க என்னமோ கறுப்பு ட்யூப் போகுதுங்களே. இது எதுக்குங்க?"

என் வாயைத்தான் தைக்க வேண்டும். "வண்டி மூச்சு உடறதுக்கு," என்றேன், கேட்டதும் சொல்கிற தொழில் பழக்கத்தில்.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். "முன்னால இருந்த லிங்கமும் அதுக்குத்தானுங்களா?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அண்ணன் பேர்ல தப்பு ஒண்ணுமில்லீங்க. நாந்தான் அதோட மூச்ச அடச்சுப்போட்டேன்." எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். வெள்ளிக்கிழமை, சந்தனம், குமிழ், இரண்டு தடவை. கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "உங்களக் கொல்லப் பாத்துப்போட்டனேங்க."

மாரப்பண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். குறுக்கே போய் நிற்கத் தயாராக ஒரு எட்டு முன்னால்கூட வைத்தேன். அவர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெடியறதுக்கு முன்னாலயா?" என்றார்.

"ஆமாங்க."

"அந்த இருட்டுக்குள்ளயா? வண்டிக்கு அடியில படுத்துட்டா? பாம்பு கீது கெடந்தா என்ன புள்ள பண்ணுவ?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவர் எழுந்து அவள் முன்னால் போய் நின்றார். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் ஊடு வந்து சேரோணும்னுதான வெச்ச, அம்மணி?"

அவள் தலையாட்டினாள்.

"தெனமும் வந்து சேந்தனா, இல்லியா?"