வலது பக்கம் மட்டும் எரிந்த சிவப்பு

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஹாருவின் காரில், மடியில் முள்ளங்கி ஊறுகாய் டப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்னால் போன காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

அந்தக் காரை ஓட்டியவள் தோகியே, என் பக்கத்து வீட்டுக்காரி. மிஹாரு அவளுடைய மகள். ஹிரோஷிமாவிலிருந்து வந்திருந்தாள், வந்த காரணம் ஒன்றே ஒன்று. இந்த வயதில் அம்மா இனியும் வண்டி ஓட்டலாமா, கூடாதா? மியோஷி நகரம் வரைக்கும் அம்மா முன்னால் ஓட்ட வேண்டும், மகள் பின்னாலேயே வந்து பார்ப்பாள். சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தோகியேவும் இதற்குச் சரி என்று சொல்லியிருந்தாள்.

(இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வியாழக்கிழமைகளில் தோகியேயின் காரில்தான் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போகிறேன். பஸ்ஸை நம்பினால் காலையில் போய்ச் சாயங்காலம்தான் திரும்ப முடியும், அதற்குள் உடம்பெல்லாம் ஊறிப்போகும். ஆகவே நான் நடுநிலையானவள் இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இலையுதிர்காலக் காலையில் மூடுபனி பள்ளத்தாக்கை ஒரு வெண்ணிறப்..." வேண்டாம். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் பனி மூடாத காலை எது? நேற்றும் மூடியது, நாளையும் மூடும்.

பிறகு இப்படி: "தோகியே மிகத் திறமையாக வண்டி ஓட்டுபவள். அவளுடைய கைகளில் ஸ்டீரிங்..." இதைச் சொல்வது நான் இல்லை, என் வியாழக்கிழமைக் குளியல். அடித்துவிட்டேன்.

சரி, வெள்ளை விளக்கிலிருந்து தொடங்குகிறேன். தோகியே வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் வெள்ளை எரிந்தது. வாசலோரப் பழமரத்தில் ஒரு இலைகூட உரசாமல் வெளியே வந்தாள்.

"ரிவர்ஸ் பரவால்ல," என்றாள் மிஹாரு.

"பரவால்லையா? போன வருஷம் அதே மரத்துல இடிச்சவ நீதானே?"

"அத்தை, பேசாம வர்றதா இருந்தா ஏறுங்கன்னுதானே சொன்னேன்."

3

ஆற்றோரமாக ஏறும் சாலைக்கு வந்ததும் பனி. முன்னால் கார் மறைந்து, விளக்குகள் மட்டும் மிச்சமாயின. இரண்டு பக்கமும் மங்கலாகச் சிவப்பு, அது எல்லா வண்டிக்கும் இருப்பதுதான். ஆனால் வலது பக்கம் கீழே இன்னொரு சிவப்பு, கண்ணைக் குத்துகிற மாதிரி. அது அணையவே இல்லை.

"பாருங்க அத்தை. பிரேக்லேர்ந்து காலை எடுக்கவே மாட்டேங்குறா."

"மேடாச்சே, இங்க எதுக்கு மிதிக்கணும்?"

"அதைத்தான் சொல்றேன். பயத்துல மிதிச்சிக்கிட்டே போறா. அதுவும் ஒரு பக்கம்தான் எரியுது. இடது பக்கம் பல்பு போயிருக்கு. அதுகூடத் தெரியாம ஓட்டிட்டிருக்கா."

ஒரே விளக்கில் இரண்டு குற்றம்.

(இந்த இடத்தில் மிஹாருவைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது, ஆனால் பொய். அவளோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, ரொட்டிக் கடைக்குள் காரோடு போய்விட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவின் போன் வந்தால் முதல் மணி முடிவதற்குள் மிஹாரு எடுத்துவிடுகிறாளாம். அவள் பார்க்க வந்தது அம்மாவின் குறையை இல்லை. அம்மா உயிரோடிருக்க வேண்டும், அதைத்தான்.)

4

வழியில் இரண்டு காருக்கும் பெட்ரோல் போட்டோம். கிளம்பும்போது மிஹாருவின் கார்தான் வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் கையைக் காட்டி அம்மாவை முன்னால் போகவிட்டாள். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். முன்னால் இரண்டு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மஞ்சளாகச் சிமிட்டின.

வழிவிட்டவருக்கு அப்படிச் சிமிட்டி நன்றி சொல்வது எங்கள் வழக்கம். நன்றி வந்தால் தலை தானாகக் குனியும், காருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்றெல்லாம் தலைக்குத் தெரியாது.

"பெத்த பொண்ணுக்கே நன்றி சொல்றா பாருங்க," என்று சிரித்தபடி மிஹாரு குனிந்தாள். நன்றாகவே குனிந்தாள். நல்ல வளர்ப்பு.

நான் குனியவில்லை, மடியில் ஊறுகாய். அதனால் பார்த்தேன். மஞ்சள் நிற்கவில்லை. பின் கண்ணாடியின் உச்சியில் அதுவரை இருட்டாக இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு எரிந்தது. செத்துப்போனதாகச் சொன்ன இடது பக்கமும் பளிச்சென்று எரிந்தது.

"மிஹாரு, மேல எரியுது."

அதுதான் என் வாயில் வந்தது. அவள் நிமிர்ந்து பிரேக்கை மிதித்தாள். ஊறுகாய் டப்பா என் மடியைவிட்டுப் பறந்தது. அம்மாவின் காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பூனை புகுந்து போகலாம், கொழுத்த பூனை முடியாது.

தோகியேயின் முன்னால் லாரி. லாரிக்கு முன்னால் பனிக்குள் வரிசையாக வண்டிகள், சாலை வேலைக்காக நின்றிருந்தன.

5

அந்த வரிசை நகர்ந்து, அடுத்து வந்த சாலையோரச் சந்தையில் வண்டியை நிறுத்தியதும் தோகியே இறங்கி வந்து எங்கள் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னடி, பின்னால பார்த்தா ரெண்டு தலை தெரியணும். ஒண்ணுதான் தெரிஞ்சுது. உன் தலை எங்க போச்சு?"

"நீ நன்றி சொல்றேன்னு நெனச்சேன்மா."

"உனக்கு எதுக்குடி நன்றி? ரெண்டு சிமிட்டு சிமிட்டினாத்தான் நன்றி. சிமிட்டிக்கிட்டே இருந்தா, முன்னால நிக்குறாங்க, மெதுவா வான்னு அர்த்தம்."

மிஹாரு இறங்கி அம்மாவின் காருக்குப் பின்னால் போய்க் குந்தினாள். "ஏறி மிதிம்மா," என்றாள். இடது, வலது, மேலே, மூன்றும் எரிந்தன. "விடு." மூன்றும் அணைந்தன. வலது பக்கம் கீழே அந்த ஒற்றைச் சிவப்பு மட்டும் அப்படியே எரிந்தது.

"இது என்னது?"

"பனி விளக்கு. பனியில பின்னால வர்றவங்களுக்குத் தெரியறதுக்கு. வெளிநாட்டு வண்டி, அவங்க ஒண்ணுதான் வைப்பாங்களாம். உங்கப்பா வாங்கினப்பவே சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப இவ்ளோ நேரமும் நீ மிதிக்கவே இல்லையா?"

"மேட்டுல எவ மிதிப்பா?"

மிஹாரு குந்தியபடியே பம்பரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இல்லை, இரண்டும். மூன்று பேரும் நின்றபடியே சந்தையில் வாங்கிய சூடான பயறுப் பணியாரம் தின்றோம். காலையிலிருந்து எனக்குள் இறுகிக் கிடந்தது என்னவோ, முதல் கடியிலேயே இளகிப் போயிற்று.

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை.

முடிவு அ: "நீயே ஓட்டும்மா" என்கிறாள் மகள். (என் குளியல் எழுதியது.)

முடிவு ஆ: தோகியே தானாகவே சாவியை நீட்டி, "இன்னைக்கு நான் முன்னாடி போனதால..." (இதை எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று, அதனாலேயே சந்தேகம். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.)

நடந்தது இதுதான். மறுபடி கிளம்பினோம். மியோஷி நெருங்க நெருங்கப் பனி விலகி, மலையெல்லாம் பழுத்த இலையோடு துலக்கமாகத் தெரிந்தது. நல்ல வெயில். வெயிலில் அந்த விளக்கு பின்னால் வருகிறவர்களின் கண்ணைக் கூசவைக்கும், அணைத்துவிட வேண்டும். தோகியே அணைக்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தேன்.

"அத்தை, அது இன்னும் எரியுது."

"எது?"

மிஹாரு திரும்பி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கைகள் ஸ்டீரிங்கில் லேசாகக் கிடந்தன.

"ஆமா," என்றாள். "எதுன்னு எனக்கும் சரியாத் தெரியல. யாரா இருந்தாலும் மறக்கிறதுதானே?"

"நீ எதையும் மறக்க மாட்ட. தலை குனியறதைக்கூட மறக்கல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் இரண்டு சாலைகள் பிரிகின்றன. இடது பக்கம் போலீஸ் ஸ்டேஷன், வலது பக்கம் சாப்பாட்டுக் கடைகள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மகள் போனில் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. தோகியே சிவப்பு சிக்னலுக்கு நின்றாள். மேல் விளக்கு எரிந்தது. இண்டிகேட்டர் போடாமல் காத்திருந்தாள்.

மிஹாரு வண்டியை நிறுத்திவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

இதற்கு மேல் நான் எழுதக் கூடாது. என் ஆசை உங்களுக்குத் தெரியும், அதனாலேயே கூடாது. நீங்கள் குளிக்கப் போக யாருடைய காரையும் நம்பியிருக்கவில்லை என்றால், இந்தாருங்கள், பின் இருக்கைக்கு வாருங்கள். முன்னால் நன்றாகப் பார்த்து, அவளுக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.